மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: வாங்குமுன் வாசலை அளந்து பாருங்கள்

குழந்தைகளுக்கான மூன்று சக்கர ஸ்ட்ரோலர் பற்றிக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்தும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு எட்டு மாதம். முற்றம் முழுக்க இன்டர்லாக் கல். கேட்டைத் தாண்டினால் கொஞ்ச தூரம் சிமென்ட் ரோடு, அப்புறம் தென்னந்தோப்பு மண் பாதை. பாலக்காட்டுக் கடையில் நான்கு சக்கர வண்டியும் காட்டினார்கள், சின்னதாக மடங்கும் மூன்று சக்கர வண்டியும் காட்டினார்கள். எதை வாங்கலாம்?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் பாதைக்கு மூன்று சக்கரம் ஒத்துவரும். ஆனால் சக்கரம் மூன்றா நான்கா என்று பார்ப்பதற்கு முன்னால் அதன் விட்டத்தைப் பாருங்கள். கடையின் வழவழப்பான தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். விலை குறைந்த நான்கு சக்கர வண்டிகளில் முன்னால் 5, 6 அங்குலச் சக்கரங்களே இருக்கும். இன்டர்லாக் கல்லின் ஒவ்வொரு இடுக்கிலும் அவை தட்டித் தட்டிப் போகும். மண் பாதையில் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டு புதையும். முன்சக்கரம் 8 அங்குலத்துக்கும் பின்சக்கரம் 10 அங்குலத்துக்கும் குறையாத மூன்று சக்கர வண்டி உங்கள் தோப்புப் பாதையைத் தாங்கும். முன்சக்கரம் 6 அங்குலம் என்றால், மூன்று சக்கரம் என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மூன்று சக்கர வண்டியில் கைப்பிடியை லேசாக அழுத்தினாலே முன்சக்கரம் மேலெழும். குறுகலான இடத்தில் சட்டென்று திரும்பும். ஒரு கையால் தள்ளினாலும் நேராகப் போகும். அதன் பலவீனமும் அந்த ஒற்றைச் சக்கரத்தில்தான் இருக்கிறது. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். குழந்தையின் எடை அந்த முக்கோணத்துக்குள் இறங்கும்வரை வண்டி நிற்கும். முன்னால் போகப் போக முக்கோணம் ஒடுங்குகிறது. அதனால் குழந்தை முன்பக்கம் குனிந்து, பக்கத்தில் இருக்கும் எதையாவது எட்டிப் பிடிக்கும்போதுதான் வண்டி கவிழப் பார்க்கும். பின்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாகவும் இருக்கை தாழ்வாகவும் இருக்கும் வண்டி இதைத் தாங்கும். நடைபாதை விளிம்பிலும் வேகத்தடையிலும் சாய்வாக ஏறக் கூடாது, நேருக்கு நேராகவே ஏற வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான்.

நம் ஊர்களில் இன்னும் சில இடைஞ்சல்கள் உண்டு. பல வீடுகளில் வாசற்படியை ஒட்டி பைக் ஏற்ற ஒரு சாண் அகலத்தில் சிமென்ட் சரிவு போட்டிருப்பார்கள். சில இடங்களில் இரண்டு இரும்புப் பட்டைகளை இணையாக வைத்திருப்பார்கள். இரண்டுமே மூன்று சக்கர வண்டிக்கு உதவாது. ஒற்றைச் சரிவில் பின்சக்கரங்கள் நிற்காது. இரட்டைப் பட்டையில் நடுவே வரும் முன்சக்கரத்துக்கு வழி இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் முழு அகலத்துக்கு ஒரு பலகைச் சரிவு செய்துகொள்ளுங்கள், அல்லது நான்கு சக்கர வண்டியே வாங்குங்கள். டிராக்டர் போய்ப் பள்ளம் விழுந்த பாதையில் முன்சக்கரம் நடு மேட்டில் ஏறும், பின்சக்கரங்கள் சரிவில் இறங்கும். அங்கே ஓரமாகத்தான் தள்ள வேண்டும். சாக்கடை மூடிகளுக்கு இடையே உள்ள இடுக்கு முன்சக்கரத்தின் தடிமனைவிட அகலமாக இருந்தால் சக்கரம் அதில் விழுந்து அப்படியே நின்றுவிடும். இடுக்கின் நீளவாக்கில் போகாமல், அதைக் குறுக்காகத் தாண்டுங்கள்.

கடைக்கு டேப் எடுத்துப் போங்கள். இந்த வகையில் பின்சக்கர அகலம் பெரும்பாலும் 55 முதல் 62 செ.மீ. வரை இருக்கும். வீட்டிலேயே குறுகலான கதவை அளந்து, வண்டியின் அகலத்தைவிட 5 செ.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். எடை 7 முதல் 10 கிலோவுக்குள் இருந்தால் ஒருவரே தூக்கிப் படியேறலாம்.

பிறகு 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றை இருக்கையில் வைத்துப் பெல்ட்டால் கட்டித் தள்ளிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். ஒரு கையால் எட்டு வடிவில் ஓட்டுங்கள். பிரேக்கைப் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுங்கள். சக்கரம் சுற்றாமல் தரையில் தேய்ந்து நகர வேண்டும். கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டும்போது சட்டம் முறுக்கிக்கொண்டால் அந்த வண்டி ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும். கடைசியாக, இடது இடுப்பில் ஏதாவது ஒரு பையை இடுக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் மடக்கிப் பாருங்கள். குழந்தையோடு ஆட்டோவுக்கு நிற்கும்போது உங்களுக்கு அந்த ஒரு கைதான் மிஞ்சும்.

கேள்வி: பின்னால் பெரியவர்கள் பிடித்துத் தள்ளும் கம்பி வைத்த மூன்று சக்கர சைக்கிளை "த்ரீ இன் ஒன் ஸ்ட்ரோலர்" என்று விற்கிறார்கள். விலையும் பாதிதான். ஒன்பது மாதப் பேரனுக்கு அதையே வாங்கினால் என்ன?
— வாசகர், களியக்காவிளை

பதில்: இப்போது வேண்டாம். அது விளையாட்டுச் சைக்கிள். முதுகு சாய்க்க முடியாது. தலைக்குத் தாங்கல் இல்லை. பல மாடல்களில் இடுப்பு பெல்ட் மட்டும்தான், தோள் பட்டை கிடையாது. குழந்தை தூங்கிவிட்டால் தலை முன்னால் தொங்கும். கால் மிதிகள் முன்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும்படி இருந்தால் குழந்தையின் கணுக்கால் அதில் அடிபடும். தளர்த்திவிடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பேரன் தானாக நடந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காரும் வயதில் முற்றத்தில் ஓட்ட அது நல்ல சாமான். ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போக அது ஆகாது.

கேள்வி: என் நாத்தனார் துபாயிலிருந்து வரும்போது பயன்படுத்திய மூன்று சக்கர ஸ்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க நன்றாக இருக்கிறது. குழந்தையை உட்காரவைக்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
— வாசகி, செங்கோட்டை

பதில்: முதலில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைத் தேடுங்கள். மாடல் எண், தயாரித்த மாதம், தாங்கும் எடை அதில் இருக்கும். இ.என். 1888 என்று இருந்தால் அது ஐரோப்பியத் தரம். அதன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கான வண்டிகளைப் பற்றியது. இரண்டாம் பகுதி அதற்கு மேல் 22 கிலோ வரை. ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 என்று இருந்தால் அது அமெரிக்கத் தரம். விவரச் சீட்டே இல்லாத வண்டியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மாடல் எண் கிடைத்ததும், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றிருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்கள் திரும்பப் பெறப்பட்டன. விரித்து மடக்கும்போது பக்கக் கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்களே காரணம். கீலை மூடும் உறைகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. அவை நான்கு சக்கர வகை. குழந்தையோடு ஓடுவதற்கான மூன்று சக்கர வண்டிகளிலும் பிரச்சினை வந்திருக்கிறது: முன்சக்கரத்தைச் சட்டென்று கழற்றும் நெம்புகோல் சரியாக இறுகாமல் ஓட்டத்தில் சக்கரம் கழன்றது குறித்து, 2018இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. இரண்டுமே நீங்கள் வீட்டிலேயே சோதிக்கக்கூடிய இடங்கள்.

கீல்கள்: வண்டியை மெல்ல மடக்கி, எங்கெங்கே இரண்டு பாகம் ஒன்றையொன்று கத்தரிப்பது போல நெருங்குகிறது என்று பாருங்கள். உறை உடைந்திருந்தால் அந்த வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை கைக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். உறை நன்றாக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லதே. விரித்த பிறகு பூட்டு "டக்" என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். அதன் பிறகு கைப்பிடியை மேலே இழுத்தாலும் மடங்கக் கூடாது. இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கொக்கி இருந்தால் அதையும் தனியாகச் சோதியுங்கள்.

முன்சக்கரம்: பூட்டிய பிறகு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்துக் கீழே பலமாக இழுங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது.

பெல்ட்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒரு கால்நடுப் பட்டை என ஐந்தும் இருக்க வேண்டும். வளைகுடா வெயிலில் காரிலேயே கிடந்த வண்டியாக இருந்தால் பட்டையின் நிறம் வெளிறி, நூல் மொரமொரப்பாகியிருக்கும். நகத்தால் கீறினால் தூள் உதிரும். அந்தப் பட்டையை நம்பக் கூடாது. தையற்கடையில் புதுப்பட்டை தைத்துப் போடுவதும் சரியல்ல. சாதாரண நூல் தையல் இழுவை தாங்காது. அந்த மாடலுக்கான பெல்ட் தொகுப்பு கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் வண்டியை ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஏற்ற இறக்கம். மூன்று சக்கர வண்டியைச் சரிவில் எப்படிக் கொண்டு போவது?
— வாசகி, மூணாறு

பதில்: சரிவில் வண்டியைவிட அதைப் பிடித்திருக்கும் கைதான் பாதுகாப்பு. கைப்பிடியில் மணிக்கட்டு வார் இருக்கிற மாடலை வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல நைலான் பட்டையில் ஒன்று செய்து சட்டத்தின் உலோகப் பகுதியில் கட்டுங்கள். ரப்பர் பிடியில் கட்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும். வார் கையில் மாட்டாமல் இறக்கத்தில் கால்வைக்காதீர்கள். அது தொங்கிச் சக்கரத்தில் சுற்றாத நீளத்தில் இருக்கட்டும்.

மண்ணும் சரளையும் கலந்த இறக்கத்தில் முன்சக்கரத்தை நேராகப் பூட்டிவிடுங்கள். சுழல விட்டால் ஒரு கல் பட்டதும் சக்கரம் குறுக்கே திரும்பி வண்டியை நிறுத்தும், உங்கள் உடம்பு முன்னால் போகும், பின்பக்கம் தூக்கும். கால் பிரேக் என்பது நிறுத்திவைப்பதற்கு மட்டும். ஓடும்போது அதை அழுத்தினால் சக்கரத்திலுள்ள பல்லில் பட்டுத் தெறிக்கும், நாளடைவில் பல் தேய்ந்து நிற்கும்போதும் பிடிக்காது. அடிக்கடி இறக்கத்தில் போகிறவர்களுக்குக் கைப் பிரேக் உள்ள மாடல் நல்லது. மிகச் செங்குத்தான இடத்தில் நீங்கள் கீழே நின்று, முகம் மேட்டைப் பார்த்தபடி வண்டியைப் பின்னோக்கி இறக்குங்கள். அப்போது வண்டி உங்கள்மேல் சாயும், ஓடிப் போகாது.

நிற்கும்போது வண்டியை இறக்கத்தின் திசையில் நிறுத்தாமல், சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, பிரேக் போட்டு, கையையும் எடுக்காமல் நில்லுங்கள். குறுக்காக நிற்கும்போது சரிவே அதிகமென்றால் வண்டி பக்கம் சாயும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் நிற்கவே வேண்டாம். இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனி மிதி இருக்கும் வண்டியில் ஒன்றை மட்டும் அழுத்தினால் மற்றச் சக்கரம் சுற்றி வண்டி வட்டமடிக்கும். ஒரே மிதியில் இரண்டும் பூட்டுகிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

மார்க்கெட்டிலிருந்து வரும்போது கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுவது எல்லோரும் செய்வது. ஏற்றத்தில் அதுதான் வண்டியைப் பின்னால் கவிழ்க்கிறது. குழந்தையைத் தூக்கிய நிமிஷம் முன்னால் எடை போய்விடும், பையோடு வண்டி மல்லாக்க விழும். கனமானதை இருக்கைக்கு அடியில் உள்ள கூடையில், அதில் எழுதியிருக்கும் அளவுக்குள் வையுங்கள்; பெரும்பாலான வண்டிகளில் அது 2 முதல் 5 கிலோதான்.

கேள்வி: வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கொஞ்சம் வேகமாக நடந்தால் முன்சக்கரம் கடகடவென்று இடமும் வலமுமாக ஆடுகிறது. நேராகவும் போவதில்லை, வலதுபுறமாக இழுக்கிறது. கடையில் "அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள்.
— வாசகர், பாறசாலை

பதில்: அப்படி இருக்கத் தேவையில்லை. இரண்டு வேறு கோளாறுகளைச் சொல்லியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆட்டம்: சுழலும் முன்சக்கரம், அது இடமும் வலமும் திரும்பும் முளைக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வரும்படிதான் அமைத்திருப்பார்கள். முளையில் தளர்வு வந்தாலோ சக்கரத்தின் எடை ஒரு பக்கம் ஏறினாலோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது அடித்துக்கொள்ளும். முதலில் சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். அச்சின் இரண்டு முனையும், சக்கரத்தை இருபுறமும் தாங்கும் கவட்டின் பள்ளத்தில் அடிவரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் 2 மி.மீ. இறங்காமல் நின்றாலே ஆட்டம் வரும். நெம்புகோல் வகை என்றால், மூடும்போது உள்ளங்கையில் அழுத்தம் தெரிகிற அளவுக்கு எதிர்ப்பக்க நட்டை இறுக்குங்கள். அடுத்து, சுழல் முளையின் மேல் மூடியைத் திறந்தால் ஒரு போல்ட் தெரியும். அதைச் சக்கரம் தாராளமாகத் திரும்பும், ஆனால் மேல்கீழ் ஆட்டம் இல்லை என்கிற இடம்வரை இறுக்குங்கள். கூடுதலாக இறுக்கினால் சக்கரம் திரும்பாமல் உரசும். காற்று டயர் என்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயரின் ஓரக்கோடு ரிம்மோடு சம இடைவெளியில் ஓடுகிறதா என்று பாருங்கள். மேடு தெரிந்தால் காற்றை முழுக்க இறக்கி, டயரைக் கையால் பிசைந்து உட்காரவைத்து மீண்டும் அடியுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வேகத்தில் ஆடினால், வேகமாக நடக்கும்போது சக்கரத்தை நேராகப் பூட்டிவிடுவதே முறை. அந்தப் பூட்டு அதற்காகத்தான் இருக்கிறது.

ஒரு பக்கம் இழுப்பது: ரோட்டின் ஓரச் சாய்வு காரணமா என்று முதலில் பாருங்கள். சமதரையில், குழந்தை இல்லாமல், சக்கரத்தைப் பூட்டி லேசாகத் தள்ளிவிடுங்கள். 3 மீட்டருக்குள் ஒதுங்கினால் கோளாறு வண்டியில். பின்சக்கரங்களில் காற்று சமமா? ஒன்றில் குறைந்தால் அந்தப் பக்கமே இழுக்கும். அதுவும் சமம் என்றால் முன்கவட்டில் நேர்சரி செய்யும் திருகு அல்லது குமிழ் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். கால் சுற்று திருப்பி, மறுபடி தள்ளிப் பார்த்து, தேவையென்றால் மறு கால் சுற்று. திருகே இல்லாத வண்டி இழுத்தால் பின் அச்சு வளைந்திருக்கலாம். உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: காற்று டயர் நல்லதா, ஃபோம் டயரா? எங்கள் பக்கம் முள் அதிகம், வெயிலும் அதிகம்.
— வாசகர், நகரி

பதில்: சீமைக் கருவேல முள் கிடக்கிற ஊருக்கு ஃபோம் நிரப்பிய ரப்பர் டயர். காற்று டயர் மண்ணில் சுகமாக ஓடும், அதிர்வை வாங்கிக்கொள்ளும். அதை மறுக்க முடியாது. ஆனால் வாரம் ஒரு பங்க்சர் என்றால் வண்டி மூலையில்தான் நிற்கும். ரப்பர் மேலுறை இல்லாத வெறும் ஈ.வி.ஏ. (நுரை பிளாஸ்டிக்) சக்கரம் எடை குறைவு, ஆனால் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும். பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடி தட்டையாகி, பிறகு டொக் டொக்கென்று ஓடும்.

ஏற்கெனவே காற்று டயர் வண்டி இருந்தால் இதைக் கவனியுங்கள். 12 அங்குலப் பின்சக்கரம் என்றால் டயரின் பக்கத்தில் 12½ × 2¼ என்று போட்டிருக்கும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் அதே அளவு உண்டு, அதனால் டியூப் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். வால்வைத்தான் பார்த்து வாங்க வேண்டும். ஸ்ட்ரோலரில் இருப்பது பெரும்பாலும் பைக், கார் டயரில் இருக்கும் வால்வு. நம் சைக்கிள் பம்பின் முனை அதில் பொருந்தாது. பைக்குக்குக் காற்றடிக்கும் கால் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். எவ்வளவு அடிப்பது என்பதும் டயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். இந்த அளவில் வழக்கமாக 20 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் அடிக்காதீர்கள். லாரி டயருக்கான காற்று இத்தனை சின்ன டியூபுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறி வெடிக்கும்.

பங்க்சர் ஒட்டிய பிறகு அதே இடத்தில் மறுபடி காற்று போனால் முள் இன்னும் டயருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். டயரின் உள்பக்கத்தில் பழைய துணியை வட்டமாக ஓட்டுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள்.

வெயிலைப் பற்றி: கறுப்புக் கூரையைவிட வெளிர் நிறக் கூரை நல்லது, பின்னால் வலைச் சன்னல் கட்டாயம். வெயில் படுகிறதென்று வண்டியின்மேல் துண்டோ புடவையோ போர்த்தாதீர்கள். துணி மெல்லியதாக இருந்தாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. வெயிலில் நின்ற வண்டியில் பக்கிளையும் உலோக முனைகளையும் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையை உட்காரவையுங்கள்.

கேள்வி: பேத்திக்கு இரண்டு மாதம். மகள் மூன்று சக்கர வண்டி ஆர்டர் செய்திருக்கிறாள். இத்தனை சின்னக் குழந்தையை அதில் வைக்கலாமா?
— வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: முதுகு எவ்வளவு சாய்கிறது என்பதைப் பொறுத்தது, அம்மா. இருக்கைக்கும் முதுகுக்கும் இடையிலான கோணம் 150 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ஏற்றதல்ல என்று ஐரோப்பியத் தரம் சொல்கிறது. ஏறக்குறையப் படுக்கை நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்த்தி வைத்தால் தாடை நெஞ்சில் முட்டும்; சின்ன மூச்சுக்குழாய் அதிலேயே மடங்கி அடைபடலாம். சத்தமும் வராது. சின்னதாக மடங்கும் வண்டிகளில் பல முழுக்கச் சாயாது என்பதால் வந்ததும் முதலில் இதைப் பாருங்கள். சாயாவிட்டால், பேத்தி துணையில்லாமல் உட்காரும்வரை வண்டி காத்திருக்கட்டும். தலையணை, மடித்த துணி வைத்துச் சமாளிக்க வேண்டாம். குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்ட பிறகே.

சாய்ந்த நிலையிலும் பெல்ட் போட வேண்டும். "ரெண்டு மாசக் குழந்தை எங்கே போகும்" என்று விட்டால், கால் பக்கம் வழுக்கி இறங்கி, உடல் வெளியே வந்து தலை மட்டும் கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கால்நடுப் பட்டைதான் அதைத் தடுக்கும். தோள் பட்டை இறுக்கத்தில் உங்கள் ஒரு விரல் நுழைந்தால் போதும். வண்டியில் தூங்கிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் தொட்டிலிலோ பாயிலோ மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

கேள்வி: புனலூரில் அம்மா வீடு. தென்காசியிலிருந்து ரயிலில் போய்வருகிறோம். சில சமயம் மாமனாரின் சி.என்.ஜி. கார். எந்த மடக்கு வசதியாக இருக்கும்?
— வாசகி, தென்காசி

பதில்: மடக்கின் அளவைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல மூன்று சக்கர வண்டிகளில் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, சக்கரங்களைக் கழற்றிய பிறகான அளவு. ரயில் நிலையத்தில் யாரும் சக்கரம் கழற்றப்போவதில்லை. சக்கரத்தோடு மடக்கி, நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளங்கள்.

சி.என்.ஜி. காரில் சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் இடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். முன்சக்கரம் உள்ளே மடங்கி, தட்டையாகும் வகை அங்கே பொருந்தும். மூன்றாக மடிந்து கட்டையாக நிற்கும் வகை பொருந்தாது. டிக்கியை அளந்து, அந்த அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போவது நல்ல வழி. ஆட்டோவின் பின் இடத்துக்கும் இதே சோதனை செய்யலாம்.

ரயிலுக்கு, வண்டி வருவதற்கு முன்பே ஸ்ட்ரோலரை மடக்கிக் கொக்கி போட்டு, குழந்தையைக் கையில் எடுத்துவிடுங்கள். அதுவரை பிளாட்பாரத்தில் தண்டவாளத்துக்கு இணையாக, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, பிரேக் போட்டு, கை வைத்தபடி நிறுத்துங்கள். நிற்காமல் போகும் ரயிலின் காற்று லேசான வண்டியை நகர்த்திவிடும். பெட்டிக்குள் நடைபாதையில் வைத்தால் எல்லோர் காலிலும் இடறும். கீழ்ப்படுக்கைக்கு அடியில் படுக்கப் போடுங்கள். இறங்கியதும் எஸ்கலேட்டரில் மட்டும் ஏற்றாதீர்கள். முன்னால் ஒரே சக்கரம், படியின் அகலமோ குறைவு. லிஃப்ட் இல்லையென்றால் குழந்தையை ஒருவர், வண்டியை ஒருவர்.

கேள்வி: ஜூன் மாத மழைக்குப் பிறகு வண்டித் துணியில் கறுப்புப் புள்ளி, பூஞ்சை வாடை. சக்கரமும் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டோம், கொஞ்ச நாளில் இன்னும் மோசமாகிவிட்டது.
— வாசகர், குளச்சல்

பதில்: தேங்காய் எண்ணெய் முதல் நாள் சத்தத்தை அடக்கும். பிறகு பிசுபிசுத்து, மணலைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தேய்க்கும். கடலோரத்தில் மணலோடு உப்பும் சேரும். சக்கரங்களைக் கழற்றி, அச்சையும் துளையையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் ரப்பரில் படக் கூடாது. நன்றாகக் காய்ந்ததும் உலோக அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பிளாஸ்டிக் கீல்களுக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே. கடற்கரை மணலில் தள்ளிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் சக்கரத்தைக் கழுவித் துடைத்துவிட்டால் துரு வெகுவாகக் குறையும்.

துணிக்கு: கழற்ற முடிந்ததைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைத் துணிக்கான சோப்பைக் கரைத்து மென்மையான பிரஷால் தேய்த்து, சோப்பு வாசனை போகும்வரை அலசுங்கள். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து அரை மணி நேரம் விட்டு மறுபடி அலசினால் வாடை போகும். பெல்ட்டுக்கு பிளீச்சிங் பவுடரோ சூடான இஸ்திரியோ வேண்டாம், இழை பலமிழக்கும். வெளியே உலர்ந்து, உள்ளே பஞ்சு ஈரமாக இருக்கும்போதே மடக்கி வைப்பதுதான் பூஞ்சைக்கு முக்கியக் காரணம். மழைக்காலத்தில் ஃபேனுக்கு அடியில் ஒரு முழு நாள் விரித்தே வையுங்கள். பிளாஸ்டிக் மழை உறையை மழை நின்ற உடனே எடுத்துவிடுங்கள். குழந்தை உள்ளே இருக்கும்போது அதன் பக்கக் காற்றுத் துளைகள் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: மூன்று சக்கர வண்டியை முதலில் செய்தது யார்? அதை வைத்துக்கொண்டு ஓடலாம் என்கிறார்களே?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: குழந்தையோடு ஓடுவதற்கான மூன்று சக்கர வண்டியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பில் பேக்லர். 1984இல் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி அவர் செய்த வண்டிதான் பேபி ஜாகர். குடை போல மடங்கும் லேசான ஸ்ட்ரோலர் அதற்கும் முன்னது. விமானப் பொறியாளர் ஓவன் மெக்லாரன் 1965இல் வடிவமைத்தார். இன்று கடையில் இருக்கும் சின்ன மூன்று சக்கர வண்டிகளில் இந்த இரண்டின் சாயலும் உண்டு. ஆனால் சின்னதாக மடங்கும் வண்டியோடு ஓடக் கூடாது. ஓட்டத்துக்கு 12 முதல் 16 அங்குலக் காற்றுச் சக்கரம், நேராகப் பூட்டும் முன்சக்கரம், கைப் பிரேக், மணிக்கட்டு வார், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் எல்லாம் வேண்டும். அப்படிப்பட்ட வண்டியிலும் ஆறு முதல் எட்டு மாதத்துக்கு முன் ஓட வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருப்பதிக்குக் குழந்தையோடு போகிறோம். ஸ்ட்ரோலரை மலைக்கு எடுத்துப் போகலாமா?
— வாசகர், புத்தூர்

பதில்: அலிபிரி நடைபாதை சுமார் 3,550 படி, அங்கே எந்தச் சக்கரமும் உதவாது. பஸ்ஸில் போனாலும் தரிசன வரிசையின் குறுகலான கம்பித் தடுப்புக்குள் அதைத் தள்ள இடமிருக்காது, நெரிசலில் குழந்தையின் முகம் மற்றவர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கும். உடம்போடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பை எடுத்துப் போங்கள். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது. ஸ்ட்ரோலர் தங்கும் அறையிலேயே இருக்கட்டும்; அறையிலிருந்து சாப்பிடப் போய்வர அது போதும்.